ஆண்டுக்கு 24 இளையோர் நாவல்கள்: கணக்குத் தவறாமல் வாசிக்க முழுமையான வழிகாட்டி

2022 ஜனவரியில் ஒரு கோடு போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் "30" என்று பெரிதாக எழுதி அதைச் சுற்றி வட்டமும் போட்டேன். ஆண்டு முடிந்தபோது வாசித்திருந்தவை 13. அலுவலகத்தில் வேலை, மகளுக்குப் பரீட்சை, வீட்டில் இரண்டு கல்யாணம் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு மாலை, கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு அந்தத் தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன்.

கையில் ஒரு புத்தகம் இருந்த நாட்கள் 156. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமலே கழிந்த நாட்கள் 209.

13 புத்தகத்துக்கு 156 நாள் என்றால் ஒன்றுக்கு 12 நாள். அதே நிதானத்தில் வாசித்தாலும் 30 புத்தகத்தை 360 நாளில் முடித்திருக்கலாம். என் வேகத்தில் குறையே இல்லை. பிப்ரவரி 11 அன்று ஒரு நாவலை முடித்திருக்கிறேன். அடுத்ததைத் தொட்டது மார்ச் 6. நடுவே 23 நாள். அந்த 23 நாளும் எதைப் படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். புத்தக அலமாரியைத் தாண்டிப் போய்க் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு இலக்கை 24 ஆகக் குறைத்தேன், 26 வாசித்தேன். அதற்கடுத்த ஆண்டு 22. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே அந்த 209 நாளைச் சுருக்கிய கதைதான். வேகமாக வாசிக்கும் வித்தை எதுவும் இதில் கிடையாது.

ஏன் இளையோர் நாவல்

12 முதல் 18 வயதுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை இளையோர் நாவல்கள். அமெரிக்காவில் இந்த வகைக்குத் தொடக்கம் என்று பலரும் சொல்வது எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் அது வெளிவந்தபோது எழுதியவருக்கே வயது 18தான். வாசகர்களோ பதின்பருவத்தோடு நிற்பதில்லை. 2012இல் பௌக்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, இந்தப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஆகவே நாற்பதைத் தாண்டிய நானும், மின்சார ரயிலில் அட்டையை மடிமீது கவிழ்த்து வைத்துக்கொண்டு கூச்சப்படுவதை நிறுத்திவிட்டேன்.

ஆண்டு இலக்கு வைப்பவருக்கு இந்த வகையில் மூன்று வசதிகள். பெரும்பாலானவை 250 முதல் 350 பக்கத்துக்குள் அடங்கும். அத்தியாயங்கள் சிறியவை, பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்திலும் ஒன்றை முடிக்கலாம். முதல் பத்துப் பக்கத்துக்குள் கதை தொடங்கிவிடும். பெரியவர்களுக்கான நாவல் ஒன்று எண்பது பக்கம் வரை நம்மைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டுப் பிறகு வீட்டுக்குள் கூப்பிடலாம். பதினைந்து வயது வாசகருக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று இளையோர் நாவல் எழுதுபவருக்குத் தெரியும்.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. தொடர்ந்து நான்கு வாசித்தால் எல்லாம் ஒரே குரலில் பேசுவதுபோல் தோன்றும்: தன்மையில், நிகழ்காலத்தில், கொஞ்சம் கிண்டலாக, உலகத்தின்மீது கொஞ்சம் கோபமாக. அதைப் பட்டியல் போடும் இடத்தில் சரிசெய்ய வேண்டும்.

முதல் படி: உங்கள் வேகத்தை அளந்து எண்ணை முடிவு செய்யுங்கள்

மற்றவர்கள் சொல்லும் 50, 100 என்ற எண்களை மறந்துவிடுங்கள். வாசிக்க நினைக்கும் வகையில் ஒரு புத்தகத்தை எடுத்து, வழக்கமாக வாசிக்கும் இடத்தில், வழக்கமான சத்தத்துக்கு நடுவில், 10 பக்கம் வாசித்து நேரத்தைக் குறியுங்கள். முதல் பத்துப் பக்கம் வேண்டாம். புதுப் பெயர்கள் வந்து மெதுவாக்கும். 40ஆம் பக்கம் போலத் தொடங்குங்கள்.

எனக்கு ஆங்கில நாவலில் 10 பக்கத்துக்கு 16 நிமிடம் ஆகிறது. 300 பக்கத்துக்கு 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். 24 நாவலுக்கு 192 மணி நேரம். 365 நாளால் வகுத்தால் நாளைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். 365 நாளும் யாரும் வாசிப்பதில்லை. பொங்கல், தீபாவளி, பரீட்சை வாரங்கள், ஊர்ப் பயணம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 65 நாளை முன்கூட்டியே தள்ளிவிடுங்கள். மிச்சம் 300 நாள். 7,200 பக்கத்தை 300ஆல் வகுத்தால் நாளைக்கு 24 பக்கம். என் வேகத்தில் 38 நிமிடம்.

அந்த 38 நிமிடம் உங்கள் நாளில் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் அந்த எண் உங்களுக்குச் சரி. முடியாவிட்டால் 18 ஆக்குங்கள், 12 ஆக்குங்கள். 12ஐ எட்டிய ஆண்டு, 50இல் 19 வாசித்த ஆண்டைவிட நன்றாக நினைவில் நிற்கும். இது என் அனுபவமும், என்னோடு தொடங்கி ஏப்ரலில் நோட்டைத் தொலைத்த இரண்டு தோழிகளின் அனுபவமும்.

இரண்டாம் படி: எது கணக்கில் சேரும் என்று ஜனவரியிலேயே எழுதிவிடுங்கள்

டிசம்பரில் மனித மனம் வழக்கறிஞராகிவிடும். "இதுவும் புத்தகம்தானே" என்று எதையும் வாதாடி உள்ளே நுழைத்துவிடும். அதனால் விதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். என் விதிகள் இவை. ஒலிப்புத்தகம் சேரும். கிராஃபிக் நாவல், அதாவது படக்கதை வடிவில் வரும் நாவல், சேரும். மறுவாசிப்பு ஆண்டுக்கு இரண்டு மட்டும் சேரும். பாதியில் விட்டது சேராது. ஆனால் அதற்குத் தனிப் பக்கம் உண்டு. 100 பக்கத்துக்குக் குறைந்த தமிழ் நூல்கள் இரண்டு சேர்ந்தால் ஒன்று. கடைசி விதியை மகள் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்ப் புத்தகத்துக்கு ஏன் பாதி மதிப்பெண் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவள் நோட்டில் ஒன்று ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறாள்.

உங்கள் விதி எப்படி இருந்தாலும் சரி, நடு ஆண்டில் மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: பட்டியலை வடிவத்தால் கலந்து போடுங்கள்

இலக்கு 24 என்றால் ஜனவரியில் 24 பெயரும் எழுத வேண்டியதில்லை. எழுதினால் பிப்ரவரியிலேயே அது பாடத்திட்டம்போல் கசக்கும். 10 பெயர் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னும் ஐந்தாறு சேர்க்கலாம்.

பெயர்களை எங்கே தேடுவது? விருதுப் பட்டியல்களைப் போல நம்பகமான இடம் வேறில்லை என்பது என் கட்சி. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் கொடுத்துவரும் மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் மாநிலத்துப் பள்ளி நூலகர் ஒருவரின் பெயரில் அமைந்த விருது இது. ஆண்டுக்கு ஒரு நூலுக்கு விருது. சிறப்புக் குறிப்பு நான்கு நூல்கள் வரை. அதாவது ஓர் ஆண்டுப் பட்டியலில் அதிகபட்சம் ஐந்து நூல்கள்.

2007 பட்டியலைப் பாருங்கள். விருது பெற்றது ஜீன் லுவென் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்'. அந்த விருதை வென்ற முதல் கிராஃபிக் நாவல். சிறப்புக் குறிப்புகளில் மார்கஸ் சூசக்கின் 'தி புக் தீஃப்' இருக்கிறது: நாஜி ஜெர்மனியில் நடக்கும் கதை, சொல்பவர் மரணம், 550 பக்கத்துக்கு மேல். எம். டி. ஆண்டர்சன் எழுதியது 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடக்கும் வரலாற்று நாவல். ஜான் கிரீன் எழுதியது, கேத்தரின் என்ற பெயருள்ள பெண்களையே காதலித்து ஒவ்வொருவராலும் கைவிடப்பட்ட ஒரு பையனின் நகைச்சுவைக் கதை. ஐந்தாவது ஆஸ்திரேலிய எழுத்தாளர் சோன்யா ஹார்ட்நெட்டுடையது. ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஒரே குரலைக் கேட்டுச் சலிக்கும் நோய்க்கு இப்படி ஒரு பட்டியலே மருந்து. ஒரு கூடுதல் வசதி: பதினைந்து, இருபது ஆண்டு பழைய விருது நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும், விலையும் குறைவு.

தமிழுக்கு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பட்டியல் இருக்கிறது. 2010 முதல் கொடுக்கிறார்கள். அதில் எல்லாம் இளையோருக்கானவை அல்ல, சில சிறு பிள்ளைகளுக்கானவை. பன்னிரண்டு வயதுக்காரர் கையில் நம்பிக் கொடுக்கக்கூடியவை என்று நான் நினைப்பவை: 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', கீழடியைப் பின்னணியாகக் கொண்டு 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. பதினாறு, பதினேழு வயதுக்கான நாவல்கள் தமிழில் இன்னும் குறைவு என்பது என் மனக்குறை. அந்த வயதில் நாம் எல்லோரும் நேரே வார இதழ்த் தொடர்கதைக்குத் தாவியவர்கள். நடுவில் ஒரு படிக்கட்டு இல்லாமலே ஏறிவிட்டோம்.

பெயர்களை எழுதும்போது பக்கத்தில் ஓர் எழுத்தைப் போடுங்கள். ஒல்லி என்றால் ஒ, நடுத்தரம் என்றால் ந, தடிமன் என்றால் த. 10 பெயரில் ஒல்லி மூன்று, தடிமன் ஒன்று அல்லது இரண்டு. தடிமனான ஒன்றை முடித்த பிறகு ஒல்லியானது வர வேண்டும். 'தி புக் தீஃப்' முடித்த மறுநாள் இன்னொரு 500 பக்க நூலைத் திறந்தவள் நான். அந்த ஆண்டின் மிக நீண்ட இடைவெளி அங்கேதான் விழுந்தது.

ஒல்லி என்பதைப் பக்க எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' 300 பக்கத்தைத் தாண்டும், ஆனால் முழுக்கக் கவிதை வரிகள். அண்ணன் சுட்டுக்கொல்லப்பட்டதும் பழி வாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான் ஒரு பதினைந்து வயதுப் பையன். கதை நடப்பது அந்த லிஃப்டுக்குள், ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது. செத்துப்போன ஒருவர் உள்ளே வருகிறார். தாம்பரத்தில் ரயில் ஏறி நின்றபடியே இதைத் தொடங்கினேன். கைப்பிடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் பக்கம் திருப்பினேன். கிண்டியில் ஒரு பெரிய கூட்டம் ஏறியது, யாரோ என் காலை மிதித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்களா என்றுகூட நினைவில்லை. கோடம்பாக்கத்தில் இறங்க வேண்டியவள் தலையைத் தூக்கியபோது நுங்கம்பாக்கம் பலகை தெரிந்தது. மிச்சத்தைத் திரும்பும் ரயிலில் முடித்தேன். ஒரே நாளில் ஒரு புத்தகம், அதுவும் வெறும் கணக்குக்காகப் படித்ததல்ல. இப்படிப்பட்ட கவிதை நாவல்கள் இரண்டையாவது தனியே எடுத்து வைத்திருங்கள். எப்போது எடுப்பது என்று பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்

பட்டியலில் பெயர் இருந்து கையில் புத்தகம் இல்லாவிட்டால் அது இடைவெளி நாள்தான். எந்த நேரத்திலும் வாசிக்காத மூன்று புத்தகங்கள் வீட்டில் இருக்கட்டும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் நூலகத்துக்கோ கடைக்கோ போகும் நேரம் வந்துவிட்டது. பத்துக்கு மேல் ஏறினாலும் ஆபத்து. எதை எடுப்பது என்ற குழப்பத்திலேயே ஒரு வாரம் போகும்.

ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் தமிழ் நூல்களை வாங்கிவிடுகிறேன். ஆங்கில இளையோர் நாவல்களுக்குப் பழைய புத்தகக் கடையும் நூலகமும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு; விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து முதல் அத்தியாயங்களைச் சுவைத்துப் பார்ப்பதற்கு நல்ல இடங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் எடுத்தால் திருப்பிக் கொடுக்கும் தவணை இருக்கிறது பாருங்கள், அது கடிகாரத்தைவிட நன்றாக வேலை செய்யும். சொந்தப் புத்தகத்துக்கு அந்த அவசரம் வராது. கிண்டில் என்ற மின்னூல் கருவி வைத்திருப்பவர்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். அதற்கும் அடுத்த படிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஐந்தாம் படி: 50 பக்கம் மிச்சமிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாவல் ஒன்றை முடித்த இரவில் எதுவும் செய்யத் தோன்றாது. கதை மாந்தர் இன்னும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அந்த இரவில் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, கல்யாண விருந்து முடித்துக் கை கழுவும்போதே ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்பதுபோல. எதுவும் பிடிக்காது. மறுநாளும் பிடிக்காது. மூன்றாம் நாள் வாசிக்கும் நேரத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கும். அதைத் திரும்ப வாங்க இரண்டு வாரம் ஆகும்.

அதனால் தேர்வை முடிவுக்கு முன்னால் தள்ளினேன். கையில் உள்ள நாவலில் 50 பக்கம் மிச்சம் இருக்கும்போது, காத்திருக்கும் மூன்றிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் முதல் 10 பக்கத்தை அன்றைக்கே வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டுப் பழைய ரயில் டிக்கெட்டையோ பால் கணக்குத் தாளையோ அடையாளமாக வைத்து மூடிவிட வேண்டும். பிறகு பழைய நாவலுக்குத் திரும்பி முடிக்கலாம். முடித்த இரவில் அடுத்தது ஏற்கெனவே தொடங்கப்பட்ட புத்தகமாக மேஜையில் இருக்கும். தொடங்குவது பாரம், தொடர்வது அவ்வளவு பாரமில்லை.

முதல் 10 பக்கம் பிடிக்கவில்லையா? நல்லது, இன்னும் 50 பக்கம் கையில் இருக்கிறது, வேறொன்றை எடுத்துப் பார்க்க நேரம் உண்டு. மாதிரிப் பக்கங்கள் இங்கேதான் உதவும். இரண்டு கதையும் குழம்பிவிடாதா என்று கேட்பார்கள். பத்துப் பக்கத்தில் குழம்பாது. குழம்பினால் இரண்டும் ஒரே மாதிரிக் கதைகள் என்று பொருள், ஒன்றை மாற்றுங்கள்.

இதைத் தொடங்கிய ஆண்டில் என் இடைவெளி நாட்கள் 209இலிருந்து 61 ஆகின. தினசரி நேரத்தில் ஐந்து நிமிடம்கூடக் கூட்டவில்லை.

தொடர் நாவல்களை இந்தக் கணக்கில் தனியாகப் பார்க்க வேண்டும். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் 2008, 2009, 2010 என்று மூன்று பாகங்கள், பிறகு 2020இலும் 2025இலும் முன்கதைகள் இரண்டு. ஐந்து புத்தகங்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும்போது அடுத்தது எது என்ற கேள்வியே எழாது. இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். அதனால்தான் தொடரை ஜனவரியில் வீணாக்காதீர்கள் என்கிறேன். ஜனவரியில் உற்சாகம் இருக்கிறது, எதையும் வாசிப்பீர்கள். பரீட்சையும் ஆண்டுக் கணக்கு முடிப்பும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும் மார்ச்சுக்கும், தீபாவளிக்குப் பிந்தைய சோர்வான வாரங்களுக்கும் அதை வைத்திருங்கள். மூன்று பாகத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். எந்தத் தொடரானாலும் நான்காவது பாகத்தில் கதாநாயகி மீண்டும் ஆபத்தில் இறங்கும்போது நமக்குக் கொட்டாவி வரும். குற்றம் அவளுடையது அல்ல.

ஆறாம் படி: நாளுக்குள் இடம்

இதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு நேரம் பிடியுங்கள்: ஒன்று நிச்சயமானது, ஒன்று கிடைத்தால் உண்டு என்பது. எனக்கு ரயில் நேரம் நிச்சயம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கிடைப்பது லாபம். ரயிலில் கைபேசி கைப்பையின் அடியில், புத்தகம் மேலே.

ஒரு சின்ன உபாயம். இளையோர் நாவலில் அத்தியாயத்தின் கடைசி வரி தூண்டில்முள். அங்கே நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியாது, இரவு ஒரு மணி ஆகிவிடும், மறுநாள் தலைவலியோடு புத்தகத்தையே வெறுப்பீர்கள். அத்தியாயத்தின் நடுவில், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் எடுத்தவுடன் பேச்சு தொடரும். கதைக்குள் நுழையத் தனியாக முயற்சி வேண்டாம்.

ஏழாம் படி: பிடிக்காததை விடுங்கள், சீக்கிரம்

நான்சி பேர்ல் என்ற சியாட்டில் நூலகர் சொன்ன கணக்கு ஒன்று வாசகர்களிடையே பிரபலம்: ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுங்கள், உங்களுக்கு 50 வயதைத் தாண்டிவிட்டால், 100இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் மட்டும் போதும். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம். வயது ஏற ஏறப் பொறுமை காட்ட வேண்டிய கட்டாயம் குறைகிறது என்ற நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இளையோர் நாவலுக்கு எந்த வயதிலும் 40 பக்கமே போதும் என்பேன். 250 பக்க நூலில் 50 என்பது ஐந்தில் ஒரு பங்கு.

எங்கள் வீட்டில் இது நடந்த விதம் வேறு. கடற்கொள்ளைக்காரி பற்றிய ஒரு தடித்த கற்பனை நாவலை மூன்று வாரமாகப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அட்டை அழகு, பெயர் அழகு, 72ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள் அதை எடுத்துப் பக்க அடையாளத்தைப் பார்த்தாள்.

"அம்மா, போன சனிக்கிழமையும் 72இல்தானே இருந்தாய்?"

"காசு கொடுத்து வாங்கியது, முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்."

"நீ முடிக்கவில்லை. நீ வேறெதையும் தொடங்காமல் இருக்கிறாய்."

அடையாளத் தாளை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். நான்கு நாளில் முடித்துவிட்டு, 90ஆம் பக்கத்துக்குப் பிறகு பிரமாதம் என்றாள். இருக்கட்டும். நான் அந்த நான்கு நாளில் வேறொன்றில் பாதி தாண்டியிருந்தேன். பாதியில் விட்டதைப் பெயர், பக்கம், காரணம் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஆண்டுக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நமக்கு எது ஒத்துவராது என்று தெளிவாகத் தெரியும். எனக்கு ஒத்துவராதது முன்னுரையில் வரைபடம் போட்ட நாவல்கள்.

எட்டாம் படி: நோட்டில் ஐந்தே கட்டங்கள்

குட்ரீட்ஸ் என்ற வாசகர் இணையதளத்தில் ஆண்டு இலக்கைப் பதியும் வசதி 2011 முதல் இருக்கிறது. எண்ணை உள்ளிட்டால் முன்னே இருக்கிறீர்கள், இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று காட்டும். வேண்டுமானால் எண்ணை நடுவில் மாற்றவும் விடும். அந்தக் கணக்கு ஆண்டை 365 சம பாகமாக வெட்டுகிறது. மே மாத விடுமுறையில் ஆறு புத்தகமும் மார்ச்சில் ஒன்றும் வாசிக்கும் நம் வாழ்க்கைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இடைவெளி நாளையும் அது எண்ணிக் காட்டுவதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். அதனால் நோட்டு.

கட்டங்கள் ஐந்து: பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், முந்தையதற்கும் இதற்கும் நடுவே விழுந்த நாட்கள், ஒரு வரி. அந்த ஒரு வரியில் கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். மனத்தில் தங்கிய ஒரு பொருளை எழுதுங்கள். 'லாங் வே டவுன்' பக்கத்தில் நான் எழுதியிருப்பது "லிஃப்டுக்குள் சிகரெட் புகை". இன்றைக்கும் அந்த மூன்று சொல் போதும், முழுக் கதையும் எழுந்து வருகிறது. நான்காவது கட்டத்தில் 7ஐத் தாண்டும் எண்ணைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். ஆண்டுக்கு மூன்று சிவப்பு வரை பரவாயில்லை.

ஒன்பதாம் படி: பின்தங்கினால்

பின்தங்குவீர்கள். ஜூன் 30 அன்று நோட்டை எடுத்து எண்ணுங்கள். 24க்குப் பாதி 12. கையில் 9 அல்லது 10 இருந்தால் கவலை வேண்டாம். ஒதுக்கி வைத்த கவிதை நாவல் இரண்டையும், ஒரு கிராஃபிக் நாவலையும் அடுத்தடுத்து எடுங்கள். மூன்று வார இறுதிகளில் பள்ளம் நிரம்பும். வாசிக்கும் உடம்பும் திரும்பச் சூடாகும். இந்தப் பொதியை டிசம்பர் வரை தூக்கிக்கொண்டு போகாதீர்கள். டிசம்பரில் அது கணக்கை மட்டும் சரிசெய்யும், ஜூலையில் பழக்கத்தையே மீட்டுக் கொடுக்கும்.

6 அல்லது அதற்கும் கீழே என்றால் இலக்கைக் குறைத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் சிவப்பு எண்களைப் பாருங்கள். இடைவெளி அதிகம் என்றால் ஐந்தாம் படி விட்டுப்போயிருக்கிறது. இடைவெளி குறைந்து ஒவ்வொரு புத்தகமும் மூன்று வாரம் இழுத்திருந்தால் நேரம் உண்மையிலேயே இல்லை. அல்லது பிடிக்காததைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வீட்டில் பதின்பருவத்துப் பிள்ளை இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகத்தை இருவரும் வாசியுங்கள். ஒரே பிரதி போதும். அவளுக்கு ஒரு ரயில் டிக்கெட், எனக்கு ஒரு ரயில் டிக்கெட். யார் அடையாளம் முன்னால் போகிறது என்ற போட்டிக்கு எந்தத் தளத்தின் நினைவூட்டலும் ஈடாகாது. படித்த பிறகு கேள்வி கேட்காதீர்கள். கேள்வி கேட்ட அன்றே அது பாடப்புத்தகமாகிவிடும்.

பத்தாம் படி: டிசம்பர் 31 அன்று புத்தகத்தை முடிக்காதீர்கள்

கடைசி வாரத்தில் எண் எட்டிவிட்டாலும் எட்டாவிட்டாலும், ஆண்டு மாறும் இரவில் ஒரு நாவல் பாதியில் இருக்க வேண்டும். முடித்த நாள் எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் கணக்கில் அது சேரும் என்று உள்ளட்டை விதியில் எழுதிவிடுங்கள். புது நோட்டு வாங்கி, புது எண்ணுக்கு வட்டம் போட்டு, "இந்த ஆண்டு எதில் தொடங்கலாம்" என்று அலமாரிக்கு முன்னால் நின்றால் பொங்கல் தாண்டிவிடும். போன டிசம்பர் 31 இரவு என் மேஜையில் இருந்த நாவலில் பால் கணக்குத் தாள் 114ஆம் பக்கத்தில் இருந்தது. மகளின் டிக்கெட் 160இல்.